எதிர்க்கரைக் கொடி

கையில் கவாத்துக் கத்தியோடு ஃபோஸ்கா ஏரியின் எதிர்க்கரையில் படகை விட்டு இறங்கியதும், வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் எத்தோரேயின் மகள். அவள் ஏறிய பாதையோ அமெதேயோவின் வீட்டுக்குப் போகிறது. போலீசுக்குச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒருவர் கேட்டார்.

கேட்கத்தானே செய்வார்கள், இருபது வருடப் பகையாயிற்றே. சலினெல்லா என்ற வெள்ளைத் திராட்சை எத்தோரே குடும்பத்து மலையில் மட்டுந்தான் விளைந்தது. அந்த ஒயினால்தான் அவர்களுக்குப் பேரும் சோறும். வெட்டிய குச்சியை நட்டாலே புதுக்கொடி வந்துவிடும் என்பதால், கவாத்து செய்த குச்சிகளை அன்றைக்கே எரித்துவிடுவார்கள். ஒரு குச்சியை வெளியாருக்குக் கொடுத்தாலும், கொடுத்தவருக்கு நிலத்தில் பங்கு கிடையாது என்பது பாட்டன் போட்ட கட்டு.

அப்படிக் காத்ததைத்தான் எத்தோரேயின் சிநேகிதராக இருந்த அமெதேயோ ஒரு சாயங்காலம் கட்டாகத் தூக்கிக்கொண்டு ஓடினார். எத்தோரே துப்பாக்கியோடு படகுத்துறைவரை துரத்தி இரண்டு முறை சுட்டார். ஓடுகிற காட்டுப்பன்றியைத் தப்பவிடாத கை, அன்றைக்கு ஆளைத் தவறவிட்டது. அதன்பிறகு சாகும்வரை அவர் வாயில் அமெதேயோவுக்குப் பெயர் திருடன்தான். ஊரும் அப்படியே சொன்னது. அமெதேயோ பிழிந்த ஒயினை யாரும் வாங்கவில்லை.

போன ஆகஸ்டில் காட்டுத்தீ எத்தோரேயின் மலையை மொத்தமாக விழுங்கிவிட்டது. மழை வந்தும் ஒரு வேர்கூடத் துளிர்க்கவில்லை. இனி சலினெல்லா உயிரோடு இருப்பது திருடன் தோட்டத்தில் மட்டுந்தான். அதையும் ஒரு ஓட்டல்காரன் வாங்கப் பார்க்கிறானாம். இந்தக் கவாத்தில் குச்சி கிடைக்காவிட்டால் குடும்பத்தின் பேர் இதோடு சரி.

வழியெல்லாம் ஃபோஸ்காவை வெட்கம் பிடுங்கித் தின்றது. கதவைத் திறந்த அமெதேயோ முதலில் கத்தியைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தை. உள்ளே வா என்று சொல்லவில்லை.

“குச்சி வேணும்,” என்றாள் அவள். “நானே வெட்டி எடுத்துக்கறேன். எங்ககிட்ட ஒண்ணுமே மிஞ்சல.”

காரியத்தை அவர் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மாதா கோயில் வாசல்ல நின்னு, அமெதேயோ திருடன் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. போதும்.”

கேட்டது சின்ன விஷயம்தான். ஆனால் அதைச் சொன்னால் மண்ணுக்குள் இருக்கும் அப்பா பொய்யராகிவிடுவாரே. ஃபோஸ்காவின் பிடி கத்தியில் இறுகியது. எரிந்த மலை ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம்.

“எங்கப்பா பொய் சொல்றவரில்ல. உங்க கால்ல விழச் சொல்லுங்க, விழறேன். இது மட்டும் என்னால ஆகாது.”

“அப்பனுக்கு மக தப்பாமத்தான் பொறந்திருக்கா,” என்று முனகிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பின்னால் எதையோ இழுத்துவரும் சத்தம் கேட்டது.

ஈரச் சாக்குகள். ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். ஈரமணல் ஒட்டிய சலினெல்லா குச்சிகள், கட்டுக்கட்டாக. மலை முழுவதும் நடலாம். இன்றைக்கு நேற்று வெட்டியவையும் அல்ல. தனியாளாக அவர் நாள்கணக்கில் வெட்டியிருக்க வேண்டும்.

“இதெல்லாம் யாருக்கு?”

“உனக்குத்தான்.”

“நான் வருவேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

அமெதேயோ குனிந்து சாக்கின் வாயைத் திரும்பக் கட்டினார்.

“உங்கப்பாதான். என் மலைக்கு ஒண்ணுன்னா மக வருவா, திருப்பிக் குடுத்துடுன்னு, அன்னிக்கு அந்தக் குச்சிக்கட்ட என் கையில குடுக்கும்போதே சொன்னாரு.”