உரக்கச் சொன்ன பாவங்கள்

"அத்தை, வர்ற சனிக்கிழமை நீங்க பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேணாம்."

பவுலினா இதை மூன்றாம் முறையாகக் கத்தினாள். தொண்டை எரிந்தது. மாமியார் லூர்தம்மாள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "யாரு போக வேணாம்?" என்றாள்.

"நீங்கதான்."

"நான் போவேன்."

வாசலில் நின்ற உபதேசியார் ஆரோக்கியநாதன், இது நம்மால்தான் ஆகும் என்பதுபோல மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கோயில் காரியமெல்லாம் அவர் கையில். லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்த இந்த ரெண்டு வருஷத்தில் அவருக்குக் குரலும் கொஞ்சம் கூடியிருந்தது.

"ஏம்மா, பிஷப் ஆண்டகை வர்றார். சனிக்கிழமை சாயங்காலம் கோயில்லதான் உக்காந்திருப்பார். நீங்க பாட்டுக்கு முழங்கால் போட்டு, ஊரே கேக்கிற மாதிரி பாவத்தைச் சொன்னா எங்க மானம் என்ன ஆகிறது?"

"என் பாவத்துல உங்க மானம் எங்கய்யா வந்தது?"

பவுலினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனது தன் மானம் அல்லவா? மாமனார் காலமான பிறகு, இந்த மூன்று வருஷமாக அத்தைக்குக் காது மந்தம். மற்றவர்கள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டுக் குசுகுசுவென்று சொல்லிவிட்டு எழுந்து வருவார்கள். இவள் சொல்வது கோயில் தாண்டி, தெரு தாண்டி, கெலமங்கலம் ரோட்டில் கரியப்பன் வெற்றிலைக் கடை வரைக்கும் கேட்கும். போன மாதம், "மருமக கிண்டின களி வேகலைன்னு நாலு வீட்டுல சொன்னேன் சாமி." போன வாரம், "முனிலட்சுமி தோட்டத்துல அவரைக்காய் ரெண்டு மடி பறிச்சேன் சாமி."

முனிலட்சுமி கிறிஸ்தவ வேதக்காரி இல்லை. தெருவோடு போனவள் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் காலையில் கூடையும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். கரியப்பன் வேறு, "இந்த வாரம் ஒரு பாவம்தானாக்கா?" என்று பவுலினாவிடம் விசாரிக்கிறான்.

"இவங்க மகன் பெங்களூர்ல காது மெஷின் வாங்கித் தர்றேன்னார் உபதேசியாரே. வேணவே வேணாம்னுட்டாங்க," என்றாள் பவுலினா.

லூர்தம்மாள் தலை நிமிராமல் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

உபதேசியார் குனிந்து அவள் காதருகே கத்தினார். "எழுபது வயசுல வாராவாரம் உங்களுக்கு என்னம்மா அப்படிப் பாவம்?"

"ஏன், பாவத்துக்குப் பென்ஷன் குடுத்து உக்கார வச்சுட்டாங்களா? காலுக்குத்தான் வயசாச்சு. நாக்குக்கு ஆகலையே."

"சரி, ஒண்ணு செய்யலாம். பிஷப்கூட கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு இளஞ்சாமியார் வர்றார். அவரை வீட்டுக்கே அனுப்பறேன். இங்கேயே சொல்லிடுங்க."

"சாகக் கிடக்கிறவளுக்குத்தான் சாமியார் வீட்டுக்கு வருவார். நான் இன்னும் கிடக்கலை. நடந்து போவேன், முழங்கால் போடுவேன், நம்ம கோயில் பங்குச்சாமி ஞானாதிக்கம் சாமிகிட்டதான் சொல்லுவேன்."

"அவர்கிட்டயும் பேசிட்டேன். லூர்தம்மாளை நிறுத்திடறேன் சாமின்னேன். சிரிச்சுகிட்டே தலையாட்டினார்."

"அவர் எதுக்குத்தான் தலையாட்டலை?"

"பிடிவாதம் பிடிச்சீங்கன்னா பாஸ்காத் திருநாளுக்கு நற்கருணை கிடைக்காமப் போயிடும், பாத்துக்கங்க. வாசல்லயே தடுப்பேன்."

லூர்தம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"தடுங்க. இந்தக் கோயிலுக்குக் கல்லு சுமந்தவ நான். வாசல்ல நின்னே சொல்றேன். பிஷப்புக்கு இன்னும் நல்லாக் கேக்கும்."

உபதேசியார் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பவுலினா அடுப்படிக்குப் போய்க் களித் துடுப்பைக் கையில் எடுத்தாள். பானைக்குள் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தாள்: "காது போனதோட வெக்கமும் போயிடுச்சு."

"ரெண்டும் போகலடி."

முதுகுக்குப் பின்னால், சன்னமான குரல். அத்தை இவ்வளவு மெதுவாகப் பேசிப் பவுலினா மூன்று வருஷமாகக் கேட்டதில்லை. துடுப்பு அப்படியே நின்றது.

"உங்களுக்கு... கேக்குதா?"

"நீ பானைக்குள்ள பேசினதே கேட்டுது."

"அப்போ எதுக்கு இந்தக் கத்தல்? என் களி, அவ அவரைக்காய், எல்லாத்தையும் ஊருக்கே..."

"உன் மாமனாரைப் புதைச்ச வாரம் கோயில்ல ஞானாதிக்கம் சாமிகிட்ட போனேன். 'சாமி, ஆண்டவர் மேலயே எனக்குக் கோபமா வருது, ஜெபமே வாயில வரலை'ன்னு, உன்னை மாதிரியே மெல்லச் சொல்லி அழுதேன்." லூர்தம்மாள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னும் நெருங்கி வந்தாள். "'ரொம்ப சந்தோஷம்மா, கடைசிவரைக்கும் அப்படியே இரு'ன்னு சொல்லி ஆசீர்வாதம் பண்ணினார்."

பவுலினா துடுப்பைப் பானையில் சாய்த்துவிட்டுத் திரும்பினாள்.

"சனிக்கிழமை பிஷப் காதுபட அந்த மனுஷன் ஒருத்தருக்காவது சரியா பதில் சொல்லணும், இல்லேன்னா அன்னிக்கே மூட்டை கட்டச் சொல்லிடுவாங்க. ஒரு கோயிலுக்கு ஒரு செவிடு போதும் பவுலினா, அது நானாவே இருந்துட்டுப் போறேன்."