பனிவாரிக்கு எண்ணெய் போடும் நாள்

காஷ்பர் காரின் பின்கதவைத் திறந்து வாசல் பனியை அள்ளித் தள்ளும் நீல நிறப் பனிவாரி ஒன்றை வெளியே எடுத்தான்.

முழுக்கப் பிளாஸ்டிக். பிடி மட்டும் அலுமினியம். மே மாதத்தில் இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று கடையில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்களாம்.

“எண்ணெய் வேணாம், மெழுகு வேணாம். ஒரு வாளி தண்ணிய ஊத்தி மூலையில சாத்திட்டா அடுத்த பனிக்குத்தாம்மா எடுக்கணும்.”

சில்கா மகன் கையிலிருந்ததை ஏற இறங்கப் பார்த்தாள். நல்ல நிறம் என்று மட்டும் சொன்னாள்.

வாசலில் நின்ற பழைய மரப் பனிவாரி அதற்குள் காருக்குள் போய்விட்டது. மருமகள் அதை லூப்ளியானா நகரத்து வீட்டின் சுவரில் மாட்டி, அதிலிருந்து பூந்தொட்டி தொங்கவிடப் போகிறாளாம்.

சில்கா முடிந்தவரை வாதாடிப் பார்த்தாள். பிளாஸ்டிக்கில் பனி ஒட்டும் என்றாள். ஒட்டாது என்றான். உங்கப்பா கையால் செதுக்கிய பிடி என்றாள். அப்பா அதைச் சந்தையில் வாங்கினார், நானும் கூடப் போயிருந்தேன் என்றான்.

அதற்குமேல் அவளிடம் ஒரே ஒரு காரணம்தான் மிச்சமிருந்தது. அதை மகனிடம் சொல்ல முடியாது.

நேற்றுதான் ஸோஃப்கா பெய்து முடித்திருந்தாள்.

மே மாதத்தின் கடைசிக் குளிரைக் கொண்டுவரும் புனிதை அவள். அவளுடைய நாளில் மழை பிடித்துக்கொள்ளும் என்பதால் ஊரில் அவளை மூத்திரக்காரி என்றுதான் சொல்வார்கள். பாதிரியாரும் கண்டுகொள்வதில்லை. அவள் பெய்து முடிக்கும்முன் பனிவாரியை உள்ளே வைத்தால், போன பனி திரும்பி வந்து, பூத்து நிற்கும் ஆப்பிள் மரத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் எல்லா வீட்டுப் பனிவாரியும் அதுவரை வாசலிலேயே காத்திருக்கும்.

ஒவ்வொரு வருடமும் அதற்கு மறுநாள் மேட்டு வீட்டு லோவ்ரோ வருவார்.

மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாக இருப்பவர். ஆளிவிதை எண்ணெய் டப்பா, உப்புத்தாள், ஒரு துண்டு மெழுகுவர்த்தி. இவ்வளவுதான் அவர் கொண்டுவரும் சாமான். முதல் நாள் பிடியைத் தேய்த்து எண்ணெய் பூசுவார். அது ஊறும்வரை காபி. அடுத்த நாள் இரண்டாவது பூச்சு. அன்றைக்கு வால்நட் ரொட்டி. ஆளிவிதை எண்ணெய் அவசரப்படாத எண்ணெய், அது காய்வதற்குச் சில நாள் விட வேண்டும். பிறகு அடிப்பக்கத்துக்கு மெழுகு. பிறகு, மெழுகு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நடை. எல்லாம் முடிவதற்குள் ஜூன் பிறந்துவிடும்.

இத்தனைக்கும் அந்தப் பனிவாரி பனியைத் தொட்டுச் சில வருடம் ஆகிறது. புருஷன் இறந்ததிலிருந்து சில்காவின் வாசல் பனியை லோவ்ரோதான் தன்னுடைய பனிவாரியால் ஒதுக்குகிறார். அதுவும் அவள் எழுந்திருப்பதற்குள் ஒதுக்கிவிட்டுப் போய்விடுவார். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவதற்கென்று இருப்பது இந்த மே மாதம் மட்டும்தான்.

கேட் கிறீச்சிட்டது.

எண்ணெய் வேலைக்கு வருகிறவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

காஷ்பர் அவரிடமும் அதே பாட்டைப் பாடினான். எண்ணெய் வேண்டாம், மெழுகு வேண்டாம். இனிமேல் மாமா இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வரவே வேண்டாம்.

லோவ்ரோ டப்பாவைக் கீழே வைத்தார். பிறகு மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். சில்கா அவர் முகத்தைப் பார்க்காமல் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீலப் பனிவாரியை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். மோந்தும் பார்த்தார்.

“பிளாஸ்டிக்கா,” என்றார், நாடி பார்த்து முடித்த வைத்தியரைப் போல. “மரம்னா கவல இல்ல தம்பி. அது குளிர்காலத்துலதான் கஷ்டப்படும். இது கோடையிலதான் கஷ்டப்படும்.”

வெயில் பட்டால் உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும், வெளியே தெரியாது என்றார். நிழலில் வைக்கலாம்தான், ஆனால் நிழல் ஓரிடத்தில் நிற்கிறதா? யாராவது வந்து நகர்த்திவைக்க வேண்டும். வெதுவெதுப்பான துணியால் துடைக்க வேண்டும், அதையும் நீளவாக்கில்தான் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் தீர்ந்தது கதை.

நிலவறையில் வைத்துவிட்டால் என்ன என்று காஷ்பர் கேட்டான்.

“அங்க எலி இருக்குடா,” என்றாள் சில்கா.

அவள் வீட்டு நிலவறையில் எலி இருக்கிறது என்று வேறு யாராவது சொல்லியிருந்தால், செத்தாலும் அவர்கள் முகத்தில் விழித்திருக்க மாட்டாள்.

பிளாஸ்டிக் வாசனை எலிக்கு ரொம்பப் பிடிக்கும் என்று லோவ்ரோவும் தலையாட்டினார்.

 காஷ்பர் பனிவாரியை அவர் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். அவன் பார்த்த விதத்தில்தான், தன் மகன் என்ன வேலை செய்கிறான் என்பதே சில்காவுக்கு நினைவு வந்தது.

நகரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. உறைபனிப் பெட்டியிலும் செயற்கை வெயிலிலும் சாமான்களை மாற்றி மாற்றிப் போட்டு, எது எத்தனை வருடம் தாங்கும் என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

லோவ்ரோவுக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும். இரண்டு காதும் சிவந்துவிட்டன.

காஷ்பர் வாயைத் திறந்தான். அவரைப் பார்த்தான். கோழிகளை விட்டுக் கண்ணெடுக்காத அம்மாவைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

பிறகு பனிவாரியின் முதுகை ஒரு விரலால் மெல்லச் சுண்டிவிட்டு, வேலை செய்யும் இடத்தில் பேசுகிற குரலில் சொன்னான்.

“இந்த ரகத்துக்கு வாரம் ஒரு தடவ வந்து பாத்தா பத்தாது மாமா.”