ஒரு சீப்பு வாழைப்பழம்

"என்ன குட்டி, டாக்டர் கைய விரிச்சுட்டாரா?"

அண்ணன் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கண் மட்டும் தங்கையின் பையிலிருந்து எட்டிப்பார்த்த வாழைப்பழச் சீப்பைவிட்டு நகரவில்லை.

அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அந்த வீட்டுக்குள் வாழைப்பழம் வந்து நாலு வருடம் ஆகிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு அதிலிருக்கும் பொட்டாசியம் ஆகாது. வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய், கடைசியில் இதயத்தில் கைவைத்துவிடும்.

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் பிழைப்பே அதுதான். உணவு ஆய்வுக்கூடத்தில் பழங்களைக் காயாக, செங்காயாக, கனிந்ததாக எடுத்து, உலையில் சாம்பலாக்கி, எந்தத் தாது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வாள்.

அண்ணன் படுத்த நாளிலிருந்து வீட்டுச் சமையலறையும் ஆய்வுக்கூடமாகிவிட்டது. காய்கறியை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினாள். பழம் என்றால் ஆப்பிளில் ஒரு துண்டு, அதுவும் தோல் சீவி.

அவரோ லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். உடம்பு நன்றாக இருந்தபோது மாடி மாடியாக ஏறி இறங்கிவிட்டு வந்து, நின்றவாக்கில் அரைச் சீப்பை உள்ளே தள்ளிவிட்டுத்தான் முகமே கழுவுவார்.

இப்போது பதில் சொல்லியாக வேண்டும்.

"நல்லா இருக்கே உன் நெனப்பு! இது லேபுக்கு வாங்கினது. நாளைக்கு எடுத்துட்டுப் போகணும்."

அண்ணன் பெருமூச்சு விட்டார். தோளில் ஏறியிருந்த ஏதோ பாரம் இறங்கினதுபோல நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

சீப்பை மேசைமேல் வைத்தாள். தோலில் அங்கங்கே புள்ளி விழத் தொடங்கியிருந்தது. அறை முழுக்க வாசனை.

"ஏன்டி, காயா இருந்தா துவர்க்குது, பழுத்தா இனிக்குது. எல்லாமே மாறுதில்ல? இவ்வளவு கனிஞ்ச பிறகு உன் பொட்டாசியம் மட்டும் கொஞ்சம் எறங்காதா?"

நாலு வருடமாக நடக்கிற பேரம். அவளும் எப்போதும்போல் பதில் சொன்னாள். மாவு சர்க்கரையாகும், சதை இளகும், தோல் நிறம் மாறும். தாது உப்பு எங்கேயும் ஓடிப்போகாது, காயில் இருந்ததுதான் பழத்திலும் இருக்கும். பாடம் ஒப்பிக்கிறவள்போல் சொன்னாள்.

"ஒரே ஒரு கடி?"

"ஒரு கடியும் கெடையாது. மாத்துக் கிட்னி கெடைக்கட்டும், தாரோட வாங்கித் தரேன்."

"தாரோட! பேச்சு மாறக் கூடாது, ஆமா."

தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சீப்பை அப்படியே தூக்கி மூக்கருகே வைத்து, கண்ணை மூடி ஒருமுறை ஆழமாக முகர்ந்தார். பிறகு அலுங்காமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அறையிலிருந்து சீட்டியடிக்கிற சத்தம் கேட்டது. அவர் சீட்டியடித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

மறுநாள் பழத்தை எடுத்துப்போய் ஆய்வுக்கூட வாசல் காவலாளியிடம் கொடுத்தாள். பிள்ளைகளுக்கு ஆகும் என்று சொல்லி அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

அந்த வாரம் முடியவில்லை. அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களால் வீடு நிறைந்தது. சித்தி அவள் தலையைத் தடவிக்கொடுத்தபடி எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். "கூடப் பொறந்தவன்னா இப்படிப் பாக்கணும். கடைசி வரைக்கும் ஒரு வாய் பத்தியம் தப்ப விடலையே எம்பொண்ணு!"

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவள் நிமிரவில்லை. அழுகிறாள் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பரிசோதனை முடிவை வாங்கப் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது சித்திக்குத் தெரியாது. "இனிமே எந்தப் பத்தியமும் வேண்டாம்மா. அவர் ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும்."

வெளியே வந்தவள், எதிரில் இருந்த பழக்கடையில், அன்றைக்கே சாப்பிடத் தோதாக நன்றாகக் கனிந்ததாய் ஒரு சீப்பு பார்த்துத் தரச் சொன்னாள்.