பீஜித் தீவுப் பொல்லு

"ஆர் தம்பி நீங்கள்?"

கையில் பொல்லோடு சட்டென்று திரும்பியவரைக் கண்டதும் வினோஜன் வாசலிலேயே நின்று கும்பிட்டான்.

"வினோஜன், அங்கிள். டோர்ட்மண்டிலையிருந்து வாறன். கதவு திறந்து கிடந்தது... மிதுசா சொல்லியிருப்பா."

"ஆ... ஓம், ஓம். வாங்கோ. நேரத்தோடை வந்திட்டியள் போல?"

"ரயில் பிந்தும் எண்டு நினைச்சு முந்திப் புறப்பட்டனான். அது இண்டைக்கெண்டு சரியான நேரத்துக்கு வந்திட்டுது."

ஸ்டுட்கார்ட் வரும் வழி முழுக்க அவன் படித்தது ஒரே பாடம்தான். மிதுசாவின் அப்பா ஞானசுந்தரம் பசிபிக் தீவுக்காரர் சண்டையில் அடிக்கப் பிடித்த தடிகளான பழைய போர்ப் பொல்லுகளைச் சேர்க்கிறவர். 'அப்பாவோடை பொல்லைப் பற்றிக் கதைச்சியெண்டால் கலியாணம் சரி' என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் அனுப்பிய படங்கள் எல்லாமே பொல்லுகள். அந்தப் படங்களை எடுத்த அப்பாவின் முகத்தை இனித்தான் பார்க்க வேண்டும் என்று வந்தவன் அவன்.

"எல்லாம் பீஜித் தீவோ, அங்கிள்?"

"நீங்களே சொல்லுங்கோ பாப்பம். இதுக்குள்ளை ஆகத் திறமானது எது?"

சோதனை தொடங்கிவிட்டது! வினோஜன் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, பொல்லுகள் வரிசையாகத் தொங்கிய சுவரருகே போனான்.

"உங்கடை கையிலை இருக்கிறது அன்னாசிப்பழம் மாதிரித் தலை. முள்ளெல்லாம் ஒரே அளவு. மெசின் வேலை. உல்லாசப் பயணியளுக்கு விக்கச் செய்தது."

அவர் கையிலிருந்ததை உடனே கீழே வைத்தார். "அப்ப இந்தப் பெரிசு?"

"வார்னிஷ் மணக்குது, அங்கிள்."

மூலையில் தொங்கியதைத் தூக்கியதும் அவன் கண்கள் விரிந்தன.

"இதுதான்! சவுக்கு மரம், என்ன பாரம்! பிடியைப் பாருங்கோ, எத்தினை பேரின்ரை கை வேர்வை ஊறிக் கறுத்துக் கிடக்கு. செதுக்கல் கோணல்மாணல். இரும்பு உளி வாறதுக்கு முந்திக் கல்லாலை செய்தது. இது இல்லாட்டில் இந்தச் சுவர் வெறுஞ்சுவர்."

"நிச்சயமோ?"

"சத்தியமா, அங்கிள்!"

அவர் முகம் பூவாய் மலர்ந்தது. பொல்லை வாங்கி, ஒரு துவாயில் பிள்ளையைச் சுற்றுவது போலச் சுற்றினார்.

"கெட்டிக்காரன்! கீழை என்ரை சிநேகிதர் ஒருத்தர் நிக்கிறார். அவருக்கு ஒருக்காக் காட்டிப்போட்டு வாறன். இருங்கோ, என்ன."

கதவு சாத்தியதும் வினோஜன் கதிரையில் சாய்ந்தான். மனம் துள்ளியது. மிதுசாவுக்குச் செய்தி அனுப்பினான்: 'நான் பாஸ்! அப்பாவுக்கு என்னை நல்லாப் பிடிச்சிட்டுது.'

பதில் உடனே வந்தது: 'எந்த அப்பா? அப்பா என்னோடை தமிழ்க் கடையிலை நிக்கிறார்.'

பத்து நிமிடத்தில் மூச்சு வாங்க ஓடிவந்தார் ஞானசுந்தரம். பின்னால், கறிவேப்பிலைப் பையோடு மிதுசா. அவர் சுவரை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார்.

"கள்ளன் எதைக் கொண்டு போனவன்?"

"அந்த மூலையிலை கிடந்ததை, அங்கிள்," வினோஜனுக்கு அழுகை முட்டியது. "நான்தான்... அதுதான் ஆகத் திறம் எண்டு எடுத்துக் குடுத்தனான்."

ஞானசுந்தரம் வெறும் ஆணியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து மிதுசா ஓடிவந்து பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது நான் போன வருசம் கீழ் அறையிலை இருந்து செதுக்கி, தேயிலைச் சாயம் பூசினது!" என்று வினோஜனை இறுகக் கட்டிப்பிடித்தார். "நல்லகாலம், உங்களுக்குப் பொல்லைப் பற்றி ஒண்டுமே தெரியேல்லை, மாப்பிள்ளை!"