அவுட்பாக்ஸ்

மேலாளர் கோவிந்தசாமி கதவைத் தாழிட்டார். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டார். சிலம்பரசன் மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி நின்றான்.

"என்னப்பா பண்ணி வச்சிருக்க?"

சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. செம்மங்குப்பத்தில் அந்தச் சாயக் கம்பெனியில் அவர் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"பழைய மெயிலையெல்லாம் புது சர்வருக்கு மாத்துனேன் சார். பழைய ஃபைல் அதுல தொறக்காது. அதுக்குன்னு ரெடிமேடா எழுதி வச்ச புரோகிராம் லைப்ரரி ஒண்ணு இருக்கு. அதை வச்சு கோடு எழுதி, எல்லார் பெட்டியையும் புது ஃபார்மேட்டுக்கு..."

"அது தெரியும். எங்க தப்பாச்சு?"

"ஒரே ஒரு வரி சார். டிராஃப்ட்ல கெடந்ததை டிராஃப்ட்லயே போடணும். நான் அனுப்புற பெட்டி, அவுட்பாக்ஸ்னு எழுதிட்டேன். காலையில சர்வரை ஆன் பண்ணதும் எல்லாம் கெளம்பிடுச்சு."

எழுதிவிட்டு அனுப்பாமல் விட்டவை எல்லாம் போய்விட்டன. கணக்குப் பிரிவு ஜான்சி எப்போதோ பாதியில் விட்ட லீவு லெட்டர், கடும் காய்ச்சல் என்று கம்பெனி முழுவதற்கும் போயிருந்தது. அவன் இந்த அறைக்கு வரும்போது அவள் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். "சிலம்பண்ணே, எனக்கு ஜொரமாம். நான் வூட்டுக்குப் போறேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அவனால் சிரிக்க முடியவில்லை. அவனுடைய டிராஃப்டில் ஒரு ராஜினாமாக் கடிதம் இருந்தது.

போன வருடம், எல்லார் முன்னாலும் கோவிந்தசாமி அவனை எருமை என்று சொன்ன நாளில் எழுதியது. சென்னையில் இருக்கும் முதலாளிக்கு. நகல் கோவிந்தசாமிக்கு. 'இந்த நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்த மனிதரை முடியாது' என்று முடித்திருந்தான்.

அன்று வீட்டுக்குப் போகும் சிதம்பரம் பஸ் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் கோபம் ஆறிவிட்டது. ஆனாலும் அழிக்கவில்லை. திட்டு வாங்கும் நாட்களில் திறந்து ஒருமுறை படிப்பான். மூடிவிட்டு வேலையைப் பார்ப்பான்.

இப்போது மனைவி மலர்க்கொடிக்கு ஒன்பதாம் மாதம். இரட்டைக் குழந்தை, ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செலவுக்குக் கம்பெனி இன்சூரன்ஸ். வேலை போனால் அதுவும் போகும்.

"போனதைத் திருப்பி எடுக்க முடியாதா?" என்றார் கோவிந்தசாமி.

"வெளியாளுங்களுக்குப் போனதை முடியாது சார்."

"மொதலாளிக்குப் போனது?"

"அது நம்ம சர்வர்லதான் இருக்கும்."

"படிச்சுட்டாரா?"

மடிக்கணினியை மேசையில் வைத்துத் திறந்து பார்த்தான். "இன்னும் இல்ல சார்."

"பிளைட்ல போய்க்கிட்டிருக்காரு. எறங்குனதும் போனைத்தான் பாப்பாரு." கோவிந்தசாமி கைக்குட்டையால் பின்கழுத்தைத் துடைத்தார். தலைக்கு மேலே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. "அவரு பெட்டிக்குள்ள நீ போக முடியுமா?"

சிலம்பரசன் மடிக்கணினியைத் தன்னிடமிருந்து தள்ளி வைத்தான்.

"போயி, அதை மட்டும் எடுத்துட முடியுமா? யாருக்கும் தெரியாம?"

மேசையில் அவருடைய செல்போன் கவிழ்ந்து கிடந்தது. பேசுவதெல்லாம் அதில் பதிவாகிறதோ என்று தோன்றியது. முடியும் என்று சொன்னால், முதலாளியின் மெயிலில் கைவைக்கத் துணிந்தவன் ஆவான். முடியாது என்றால் கடிதம் அங்கேயே இருக்கும். இரண்டு பதிலுக்கும் வேலை போகும்.

"என்னப்பா முழிக்கிற? முடியுமா, முடியாதா?"

"சார், அவரு பெட்டியை நாம தொறக்கவே கூடாது சார்."

"கூடுமா கூடாதான்னா கேட்டேன்? முடியுமான்னு கேட்டேன்."

செல்போன் அதிர்ந்தது. கோவிந்தசாமி துள்ளி எடுத்தார். யார் என்று பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்தார்.

சிலம்பரசனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மன்னிச்சிடுங்க சார். ஏதோ கோவத்துல எழுதிட்டேன். அனுப்பணும்னு நெனைக்கவே இல்ல. உங்களைப் பத்தி அப்படி எழுதியிருக்கக் கூடாது. வூட்ல மாசமா இருக்காங்க சார். ரெட்டைப் புள்ள. இப்பப் போயி என்னை..."

கோவிந்தசாமி அவனைப் புரியாமல் பார்த்தார்.

"என்னைப் பத்தியா? நீயா? என்ன எழுதுன?"

சிலம்பரசன் அவர் மேசையில் இருந்த திரையைப் பார்த்தான். காலையில் வந்த மெயில்கள் எல்லாம் தடித்த எழுத்தில், திறக்கப்படாமல் கிடந்தன. அவன் பெயரில் இருந்ததும்.

கதவை யாரோ தட்டினார்கள். "அப்பறம் வா" என்று கத்தினார் கோவிந்தசாமி. பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டார். தன் கையாலேயே மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"உன்னுது கெடக்கட்டும்பா. மொதல்ல என் ராஜினாமாவை எடு."