ஐயாவின் பெயர்

கடல் கடந்து வந்த பாதிரியார், அந்தக் கரையில் ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் புதுப் பெயர் வைத்தார். சுடலை யோபு ஆனான். மாடத்தி ராகேல் ஆனாள். பெரியவர்களின் பெயரை வாயால் சொல்வது அங்கே வழக்கமில்லை. எல்லோருக்கும் அவர் ஐயாதான். தலை நரைத்துக் காய்ச்சலில் விழுந்தபோது, கஞ்சி கொண்டுவந்த ராகேலிடம் கேட்டார்: "அம்மாவை விட்டு வந்த பிறகு என்னைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நீ ஒரு தடவை கூப்பிடு." அவளுக்கு அந்தப் பெயர் தெரியும். வாயைத் திறந்தவள் முந்தானையால் பொத்திக்கொண்டாள். "எம் புருசன் பேரயே நான் சொன்னதில்ல ஐயா. எனக்குப் பேரு வச்ச ஒங்க பேர எப்பிடிச் சொல்லுவேன்?" வாசலில் நின்ற யோபுவைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்டார். அவன் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அழுதான். வெயில் தாழ்ந்ததும் அவர் கண்களை மூடினார். தூரத்தில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல, "தோபியாஸ்" என்று மெல்ல இழுத்தார். சற்றுநேரம் காத்திருந்தார். பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகளின் பேச்சில் அவரே பதில் சொன்னார்: "இந்தா வாரேம்மா."