ஊசியில்லாத பிரசவம்

“இரட்டைக் குழந்தை. வலி ரொம்ப இருக்கும். வலி தெரியாம இருக்க ஊசி போட்டுடலாமா?” என்று நர்ஸ் கேட்டாள்.

கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்த மருமகள் வாய் திறப்பதற்குள் மாமனார் பக்கத்தில் நின்ற மகனைக் காட்டி முந்திக்கொண்டார்.

“அதெல்லாம் வேண்டாம்மா. என் சம்சாரம் இவனையும் இவன் தம்பியையும் ஒரே பிரசவத்துல பெத்தா. ஊசியாவது மண்ணாவது!”

“அம்மா கத்தக்கூட இல்லையாம்” என்றான் மகன் பெருமையாக.

மாமியார் மூலையில் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் மருமகளுக்கு இருந்த கொஞ்ச தைரியமும் போய்விட்டது.

“வேண்டாம் சிஸ்டர். அத்தை மாதிரி நானும் பொறுத்துக்கறேன்.”

மாமியார் விருட்டென்று எழுந்து வந்தாள்.

“நான் பொறுத்துக்கிட்டேன்னு யாருடி சொன்னா? தொண்டை கிழியக் கத்தினேன். ஊசி போடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். வெளியில நின்னுக்கிட்டு வேண்டாம்னு சொல்லி அனுப்பினது இந்த மனுஷன்!”

மாமனார் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அப்பாவும் பிள்ளையும் வெளியில போங்க” என்று கதவைத் திறந்துவிட்டாள் மாமியார். அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு நர்ஸிடம் சொன்னாள்:

“இப்ப அவளைக் கேளுங்க.”